பானெட்டில் இருந்த பொட்டு

அதை எடுக்காதீங்க தம்பி. உங்க கையில இருக்கறது ரோட்டரி. முதல் தடவை பாலிஷர் வாங்கறவங்க ரோட்டரி எடுக்கக்கூடாது. கடைக்காரர் சாப்பிடப் போயிருக்கார், வர அரை மணி நேரம் ஆகும். வந்தாலும் அதைத்தான் உங்க தலையில கட்டுவார், இருப்பு ஜாஸ்தி. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. நான் சொல்றனுங்க.

வீட்டுலயே காரைத் தேச்சுப் பளபளப்பாக்கற இந்த டீட்டெயிலிங் தொழிலை ஆரம்பிக்கலாம்னு இருக்கீங்க, அதானுங்க? பாத்தாலே தெரியுது. நானும் இதே ரேக்குக்கு முன்னாடி ஏழு மாசம் நின்னேன். ஒரே மூச்சா இல்லீங்க, வாரா வாரம் சனிக்கிழமை வந்து நிப்பேன். ஆரம்பத்துல கடைக்காரர் எனக்கு டீ சொல்லுவார். பொறகு நிறுத்திட்டார். நான் எதையும் விசாரிக்காம வாங்கற ஆளில்லைன்னு புரிஞ்சுக்கிட்டார்னு நெனைக்கறேன்.

என் பேரு குமரேசன். பீளமேட்டுல ஒரு பம்ப் கம்பெனியில இருபத்து நாலு வருசம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மெசின் ஷாப்புல யாரும் என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, 'ரிஜெக்ட்'னுதான் கூப்பிடுவாங்க. அவ்வளவு மரியாதை. விருப்ப ஓய்வு குடுத்தாங்க, வாங்கிட்டு வந்தேன். நான் போன அன்னைக்கு மெசின் ஷாப்புல எல்லாருக்கும் லட்டு குடுத்தாங்களாம்.

சரி, சாமான் சொல்றேன், மனசுல வாங்கிக்குங்க. முதல்ல பக்கெட். ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணுல ஷாம்பூ தண்ணி, இன்னொண்ணுல கையுறை அலசறதுக்கு வெறும் தண்ணி. ரெண்டுக்கும் அடியில சல்லடைத் தட்டு. ஒரே பக்கெட்டுல கழுவினா எடுத்த மண்ணையே திருப்பி வண்டி மேல தேய்க்கறீங்கன்னு அர்த்தம். அப்பறம் துணி. மைக்ரோஃபைபர், பத்தாவது வேணும். நம்மூர்ல எல்லாரும் திருப்பூர் பனியன் வேஸ்ட் வெச்சுத் தொடைக்கறாங்க. அந்தத் தையல் நூல் இருக்குது பாருங்க, அது போடற கோடு ஆயுசுக்கும் போகாது. இதை என்ற பக்கத்து வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவர் வண்டிய இப்ப தெரு முக்குல போய் நிறுத்தித் தொடைக்கறார்.

பெயிண்டுல ஒட்டின துகளை எடுக்கறதுக்குக் களிமண் கட்டி ஒண்ணு, அது வழுக்கறதுக்கு ஒரு ஸ்ப்ரே. கீறல் எடுக்கறதுக்குக் காம்பவுண்டு ஒண்ணு, கடைசியில மினுக்கறதுக்கு ஃபினிஷிங் பாலிஷ் ஒண்ணு. பத்து பாட்டில் கிட்டு வேண்டாம், அதுல ஏழு பாட்டில் வாசம்தான். மெசினுல மாட்டற பேடு மூணு தரத்துலயும் எடுத்துக்குங்க, கெட்டி, நடுத்தரம், மெது. மெசினு டூயல் ஆக்சன். அது சுத்தவும் செய்யும், ஆடவும் செய்யும். அதனால ஒரே எடத்துல சூடு ஏறாது. ரோட்டரி சுத்த மட்டும்தான் செய்யும். தெரியாதவன் கையில குடுத்தா பெயிண்டைத் தின்னுட்டுத்தான் நிக்கும்.

இதை நான் புத்தகத்துல படிச்சுச் சொல்லலீங்க. முதல்ல ஒரு ரோட்டரியத்தான் இரவல் வாங்கிப் பழகினேன். நேரா கார்ல கை வெக்கக்கூடாது, பழைய தகட்டுல பழகணும்னு வீடியோவுல சொன்னாங்க. என்ற வீட்டுல தகடுன்னா பீரோதான். சுலோச்சனா, அதாவது என்ற சம்சாரம், அவளுக்கு அவங்கப்பா கல்யாணத்துக்குக் குடுத்த பீரோ. ஓரத்துல ரெண்டு செகண்டு ஜாஸ்தி நின்னுருச்சு, பச்சைப் பெயிண்டு போய் தகடு தெரிஞ்சுருச்சு. ரெண்டு எடத்துல. மூணு எடம். அவ வந்து பாத்துட்டு, 'இதையுமா'ன்னு மட்டும் கேட்டா. வேற எதைச் சேத்திச் சொல்றான்னு எனக்கு இன்னும் புரியலை. ஆனா அன்னைக்குத்தான் டூயல் ஆக்சன்னு முடிவு பண்ணினேன். அந்த வகையில பீரோ உபயோகமாத்தான் இருந்துச்சு.

சாமான் எல்லாத்தையும் விட முக்கியம் ஒண்ணு இருக்குதுங்க. பெயிண்டைக் கேக்காம பெயிண்டைத் தொடக்கூடாது. ரெண்டடிக்கு ரெண்டடி ஒரு எடம் எடுத்து, மெது பேடு, மெது பாலிஷ்ல ஆரம்பிக்கணும். போகலைன்னா அடுத்த தரம். அதுலயும் போகலைன்னா அதுக்கடுத்தது. எடுத்த எடுப்புல கெட்டியா எறங்கவே கூடாது. நான் அதுல ரொம்பக் கறாரு. என்ற அக்கா காரையும் அப்படித்தான் பண்ணினேன். ஆனா அதைக் கேக்கறதுக்கு அந்த வீட்டுல ஆளில்லை.

அக்கா பேரு தெய்வானை. என்னைய விட எட்டு வயசு மூத்தவ. எங்கம்மா மில்லு வேலைக்குப் போயிருவாங்க, என்னைய இடுப்புல வெச்சுத் திரிஞ்சது இவதான். அவ வீட்டுக்காரர், என்ற மச்சான், சென்னியப்பன், நூல் வியாபாரம். நல்ல மனுசன், கொஞ்சம் வாய் ஜாஸ்தி. பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி அவர் ஒரு கார் வாங்கினார், மெரூன் கலர். ஈச்சனாரி கோயில்ல பூசை போட்டாங்க. ஐயர் பானெட்டு நடுவுல சந்தனம் வெச்சு, அதுமேல குங்குமம் வெச்சார். எல்லாருக்கும் வெக்கறதுதானுங்க. கோயில்ல இருந்து திரும்பி வர்றப்ப எதுத்தாப்புல ஒரு லாரி தடுமாறி இவங்க மேல வந்துருச்சு. சைடு கண்ணாடிதான் உரசுச்சு. மயிரிழையில தப்பிச்சாங்க.

அதுல இருந்து அக்கா அந்தப் பொட்டைக் கழுவ உடவே இல்லை. வெள்ளிக்கிழமை ஆனாப் போதும், தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து அதே எடத்துல சந்தனம், அதே எடத்துல குங்குமம். அவ நெத்தியில வெச்சுட்டு அடுத்தது காருக்கு. பன்னெண்டு வருசம். வெயில்ல அது பெயிண்டு மேல இருக்கற கிளியர் கோட்டுப் பூச்சைத் தின்னு தின்னு, ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கறுத்த வட்டம் உள்ளயே எறங்கிருச்சு. கழுவினாலும் வட்டம் அப்படியே நிக்கும். எனக்கு அந்த வண்டியப் பாக்கறப்பல்லாம் கண்ணு அங்கதான் போகும். இன்ஸ்பெக்டர் கண்ணு தம்பி, குறையத்தான் பாக்கும்.

இந்தப் பங்குனியில மச்சானுக்கு நெஞ்சு வலி வந்துருச்சு. மூணு அடைப்புன்னாங்க. வியாழக்கிழமை காலீல ஏழு மணிக்கு ஆபரேசன். அக்கா திங்கக்கிழமையில இருந்தே ஆஸ்பத்திரியில. சுலோச்சனா கஞ்சி வெச்சுக் குடுப்பா, நான் கொண்டு போவேன். அதுக்காக அக்கா கார் சாவியக் குடுத்தா. 'வண்டி தூசியாக் கெடக்குது, அப்படியே கழுவிக் குடுத்துரு குமரேசா, அவரை அதுலதான் கூட்டிட்டு வரணும்'னா.

கழுவுன்னுதான் சொன்னா, ஆமா. ஆனா தம்பி, கழுவறதுங்கறது டீட்டெயிலிங்ல முதல் படி. முதல் படியச் சொன்னா முழுசையும் சொன்னதாத்தான் கணக்கு. பாதியில நிறுத்தற பழக்கம் எங்கிட்ட கெடையாது. மச்சான் பொழைச்சு வந்து ஏறுற வண்டி ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரி இருக்கணும்னு எனக்கு ஆசை. அது அன்புதானுங்க, வேற என்ன?

புதன்கிழமை காலீல ஆரம்பிச்சேன். ரெண்டு பக்கெட்டு. களிமண். எல்லாம் முறைப்படி. அப்பறம் சோதனைக்கு எடம் பாக்கணுமில்ல, இருக்கறதுலயே மோசமான எடம் எதுவோ அங்கதான பாக்கணும். பானெட்டு நடுவுல மெது பேடு வெச்சேன், வட்டம் அசையலை. நடுத்தரம் வெச்சேன், ஓரம் மட்டும் வெளுத்துச்சு. கெட்டி பேடும் காம்பவுண்டும் வெச்சு நாலு தடவை ஓட்டினேன். துணியில தொடச்சுப் பாத்தா, வட்டம் இருந்த எடத்துல என்ற மூஞ்சி தெரியுது. அந்த சந்தோசத்தை நான் எப்படிச் சொல்றதுங்க. இருபத்து நாலு வருசமா அடுத்தவன் செஞ்சதுல குறை சொல்லிட்டு இருந்தவன் நான். அன்னைக்குத்தான் என்ற கையால ஒண்ணு சரியாச்சு.

சாயந்தரம் பொழுதோட வண்டிய எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், அக்காவைக் கீழ வரச் சொன்னேன். வந்தா. வண்டியச் சுத்தி ஒரு தடவை பாத்தா. பானெட்டுக்கு வந்ததும் நின்னுட்டா. அந்த எடத்தை வெரலால தொட்டா. அசந்து போய்ட்டான்னு நெனைச்சேன்.

'பொட்டு எங்கடா?'ன்னா.

'எடுத்துட்டேன்க்கா. அதுதான் இருக்கறதுலயே கஷ்டமான எடம். பெயிண்டு நூத்திப் பதினெட்டு மைக்ரான் கனம் இருந்துச்சு, இப்ப நூத்திப் பத்து. பயப்பட ஒண்ணுமில்ல'ன்னேன்.

'நாளைக்கு ஏழு மணிக்கு அவரை உள்ள கொண்டு போறாங்க.'

'தெரியுமே.'

'தெரிஞ்சுமா பொட்டை அழிச்சே?'

அப்படிக் கேட்டுட்டு அவ நெத்தியத் தொட்டுப் பாத்துக்கிட்டா. வேர்த்திருக்கும், பங்குனி வெயிலு. 'அதைத் திருப்பிக் கொண்டு வர முடியுமா'ன்னு கேட்டா. நான் பொய் சொல்ற ஆளில்லைங்க. உள்ளதைச் சொன்னேன். 'போனது வராதுக்கா. எல்லாத்துக்கும் ஒரு ஆயுசு இருக்குது, தேஞ்சா தேஞ்சதுதான்'னேன். பெயிண்டைப் பத்தித்தான் சொன்னேன். அவ அங்கிருந்த சிமெண்டுத் திட்டுல உக்காந்துட்டா. பைக்குள்ள இருந்து பெயிண்டு கனம் பாக்கற மீட்டரை எடுத்துக் காட்டினேன், நூத்திப் பத்துன்னு. பாக்கலை. அப்பறம் எந்திரிச்சு மேல போய்ட்டா. கஞ்சித் தூக்கை வாங்காமயே போய்ட்டா.

மறுநாள் காலீல நானும் சுலோச்சனாவும் போனோம். மச்சானை அப்பத்தான் உள்ள தள்ளிட்டுப் போனாங்க. மேல ஒறம்பரை, சொந்தக்காரங்க, பத்துப் பேர் இருந்தாங்க. நான் போய் நின்னதும் பேச்சு நின்னு போச்சு. அக்கா சுவத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிட்டா. ஆறு மணி நேரம் ஆகும்னு நர்ஸ் சொன்னாங்க. நான் கம்முனு கீழ எறங்கி வந்துட்டேன்.

வண்டி நிக்குது. பளபளன்னு நிக்குது. நடுவுல ஒண்ணுமே இல்லை. பயந்துட்டனுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எனக்கு அதுலல்லாம் நம்பிக்கை கெடையாது. ஒரு கறைக்கும் மனுசன் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுமில்ல. அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் பயந்தேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு பிள்ளையார் கோயில் இருக்குது. அங்க போய் ஒரு எலை நெறையச் சந்தனமும் குங்குமமும் கேட்டு வாங்கிட்டு வந்தேன். பானெட்டு அகலத்தை டேப்பு வெச்சு அளந்து, நடுவைக் குறிச்சு, சந்தனம் வெச்சேன், குங்குமம் வெச்சேன். ஒரு சோதனைக்குத்தானுங்க. எத்தனை மணி நேரத்துல கிளியர் கோட்டுல எறங்குதுன்னு பாக்கறதுக்கு. காஞ்சு உதுந்துச்சுன்னா ஏறாது, ஈரமாவே இருக்கணும். அதனால பாட்டில் தண்ணியத் தொட்டுத் தொட்டு வெச்சுட்டே இருந்தேன். வாட்ச்மேன் வந்து, வண்டிய மரத்தடியில நிறுத்துங்க சார்னார். வெயில்லதான் ஏறும், போங்கன்னேன். என்ன ஏறும்னு கேட்டார். நான் மறுபடி தண்ணியத் தொட்டு வெச்சேன்.

பத்து மணி இருக்கும், சுலோச்சனா கீழ வந்தா. பாத்துட்டு, குடைய விரிச்சு என்ற தலைக்கு மேல பிடிச்சா. 'நிழல் பொட்டுல விழுகுது, தள்ளிப் புடி'ன்னேன். தள்ளிப் புடிச்சா. மூணு மணி நேரம் அப்படியே நின்னா. கை வலிக்கலையான்னு கேக்கணும்னு எனக்குத் தோணலை. இப்ப உங்ககிட்டச் சொல்றப்பத்தான் தோணுது.

ஒண்ணேகாலுக்கு அக்கா வந்தா. 'நல்லபடியா முடிஞ்சுதாம்'னா. எங்கிட்ட இல்ல, சுலோச்சனாகிட்ட. நான் அப்படியே வண்டியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு, மறைக்கல. அக்கா பானெட்டைப் பாத்தா. 'நடுவுல இல்லை'ன்னா, அதையும் சுலோச்சனாகிட்டத்தான். முந்தானையால நான் வெச்சதைத் தொடச்சா. என்ற கையில இருந்த எலையில, என்ற கை படாம வெரலை உட்டுச் சந்தனம் எடுத்து, ஒரு நூல் தள்ளி வெச்சா. குங்குமம் வெச்சா. மேல போய்ட்டா.

நான் அளந்து வெச்சது தம்பி. ரெண்டு பக்கமும் டேப்பு போட்டு. அவ சொன்னது தப்பு.

அன்னைக்கு நின்ன பேச்சு, இன்னும் வரலை. மூணு மாசம் முடிஞ்சுருச்சு. மச்சான் நல்லா நடக்கறார், சாப்பிடறார், டாக்டரே ஆச்சரியப்படறார். நான் வீட்டுக்குப் போனா அக்கா காப்பி வெக்கறா, டம்ளரைச் சுலோச்சனா கையில குடுத்தனுப்பறா. கார் சாவி அவ இடுப்புலயே இருக்குது. வெள்ளிக்கிழமை தவறாம அவளே பொட்டு வெக்கறா. எனக்கு ஆத்தாமையா இருக்குதுங்க. என்னைய எடுத்து வளத்தவ, நான் நல்லது நெனைச்சுச் செஞ்சேன்னு அவளுக்குத் தெரியாதா?

போன வாரம் ஒரு சங்கதி நடந்துச்சு. மச்சான் பீரோவுல இருந்த இன்னொரு சாவியப் போட்டு, அவரே வண்டிய ஓட்டிட்டு என்ற வீட்டுக்கு வந்துட்டார். 'மாப்ள, உங்கக்கா வேண்டுதலுக்குப் பழனி போயிருக்கறா. பொழுதோடதான் வருவா. அதுக்குள்ள இந்தக் கறைய எடுத்துரு'ன்னார்.

'எந்தக் கறைங்க?'

'எதுன்னு கேக்கறயா? பன்னெண்டு வருசமா இதோட ஊரைச் சுத்தறேன். கஸ்டமர் ஒவ்வொருத்தனும் வண்டிய எங்க இடிச்சீங்கன்னு கேக்கறான். நீ அன்னைக்குக் கறைய எடுத்துட்டுப் புடிச்ச போட்டோவை சுலோச்சனா காட்டுச்சு. அட, என்னமா இருந்துச்சு மாப்ள. நான் கண்ணு முழிச்சு வந்து பாக்கறதுக்குள்ள மறுபடி வெச்சுட்டா. அவகிட்ட நான் பேசிக்கறேன், நீ எடு.'

தம்பி, என்ற வேலையப் பாத்து நல்லா இருக்குன்னு சொன்ன முதல் ஆளு அவருதானுங்க. வண்டி அவரோடது. அவரே சொல்றார். வட்டத்தைக் குனிஞ்சு பாத்தேன். மூணு மாசக் கறை, மேலாப்புல இருக்குது. மெது பேடு போதும், ரெண்டு ஓட்டு. அஞ்சு நிமிச வேலை. மச்சானை உக்கார வெச்சு மோர் குடுத்துட்டு, மெசினை எடுத்து வயரைச் சொருகினேன்.

சொருகிட்டு, அக்கா வெரல் வெச்ச எடத்தைப் பாத்தேன். அப்பறம் உள்ள போய் மாஸ்க்கிங் டேப்பு எடுத்துட்டு வந்தேன். பொட்டைச் சுத்தி நாலு பக்கமும் கட்டம் கட்டி ஒட்டி, நடுவுலயும் மூடினேன். பானெட்டு முழுசும் பாலிஷ் போட்டேன், ஒரு மணி நேரம். டேப்பைப் பிரிச்சேன்.

மச்சான் எந்திரிச்சு வந்து பாத்தார். 'நடுவுல உட்டுட்டயே.'

'அது வராதுங்க மச்சான்.'

'அன்னைக்கு வந்துச்சே?'

'அன்னைக்கு மேலாப்புல இருந்துச்சு. இப்ப அடி வரைக்கும் எறங்கிருச்சு. இதுக்கு மேல தேச்சாத் தகடு தெரிஞ்சுரும்.'

மீட்டர் அன்னைக்கு மாதிரியே நூத்திப் பத்துன்னுதான் காட்டுச்சு. அதை அவர் பக்கம் திருப்பாம பையில போட்டுட்டேன்.

அவர் என்னைய ஒரு மாதிரி பாத்தார். 'ஏழு மாசம் அந்தக் கடையில போய் நின்னே. பீரோவைச் சொறண்டினே. இவ்வளவு மெசினு வாங்கி அடுக்கியிருக்கறே. ஒரு பொட்டை எடுக்க உனக்குத் தெரியலையா?'

'தெரியலைங்க மச்சான்.'

'அப்ப நீ தொழிலே கத்துக்கலைன்னு சொல்லு.'

'ஆமாங்க'ன்னேன்.

இப்ப அவர் நூல் மார்க்கெட்டு பூரா அதைத்தான் சொல்லிட்டுத் திரியறார், மாப்ளைக்கு வேலை தெரியாதுன்னு. எங்கிட்ட பாலிஷுக்கு வர்றதா இருந்த ரெண்டு வண்டியும் வரலை. அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. நேத்தும் காப்பிய சுலோச்சனாகிட்டத்தான் குடுத்தனுப்பினா. நான் சொல்லப் போறதில்லைங்க. நீங்களும் எங்கயாச்சும் சொல்லிராதீங்க.

கடைக்காரர் வர்றார் பாருங்க. அந்த ரோட்டரிய அங்கயே வெச்சுருங்க. ரெண்டாவது தட்டுல டூயல் ஆக்சன், பேடு மாட்டற அஞ்சு இஞ்சு பிளேட்டோட வரும், அது போதும். அப்பறம் மாஸ்க்கிங் டேப்பு ரெண்டு ரோலு, ஒரு இஞ்சு அகலத்துல. எந்தக் கிட்டுலயும் அது வராது தம்பி, தனியாத்தான் கேட்டு வாங்கணும்.